எர்த் ஃபால்ட் செட்டிங் தேர்வு: 1000 கே.வி.ஏ. நூற்பாலைக்கு ஒரு கணக்கு

ஏ.சி.பி. (பெரிய ஏர் சர்க்யூட் பிரேக்கர்) டிரிப் யூனிட்டில், அதாவது அதை விழவைக்கும் பகுதியில், ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் செட்டிங்குகளுக்கு எல்லோரும் கணக்குப் போடுவார்கள். எர்த் ஃபால்ட்டுக்கான (ஃபேஸ் கரண்ட் எர்த்துக்குப் பாயும் பழுது) 'ஜி' திருகு மட்டும் கம்பெனியிலிருந்து வந்தபடியே குறைந்த அளவில் கிடக்கும். முதல்முறை காரணமில்லாமல் டிரிப் ஆனதும் யாரோ அதை முழுதாக ஏற்றிவிடுவார்கள். அத்தோடு அந்தப் பாதுகாப்பு இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

எர்த் ஃபால்ட் செட்டிங்குக்கு இரண்டு எல்லைகள் உண்டு. கடைக்கோடியில் பழுது வந்தால் குறைந்தபட்சம் எவ்வளவு கரண்ட் ஓடும் என்பது மேல் எல்லை. பழுதே இல்லாதபோதும் ரிலே (கரண்ட்டை அளந்து டிரிப் உத்தரவு தரும் கருவி) எவ்வளவு கரண்ட்டைப் 'பார்க்கும்' என்பது கீழ் எல்லை. செட்டிங் இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார வேண்டும். நடுவே இடமே இல்லையென்றால் அளக்கும் முறையையோ எர்த் பாதையையோ மாற்றவேண்டும். திருகைத் திருகிப் பயனில்லை.

கோவை, திண்டுக்கல் பக்கம் சாதாரணமாகக் காணும் ஒரு நூற்பாலை அமைப்பை எடுத்துக்கொள்வோம். 11 கே.வி. எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு, 1000 கே.வி.ஏ., 11 கே.வி./433 வோல்ட், டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மர், இம்பீடன்ஸ் 5 சதவீதம். எல்.டி. (தாழ்வழுத்தப் பக்க) முழுச்சுமை கரண்ட் 1333 ஆம்பியர், மெயின் ஏ.சி.பி. 1600 ஆம்பியர். அங்கிருந்து ரிங் ஃபிரேம் பேனலுக்கு 150 மீட்டர் தூரத்துக்கு ஒரு 400 ஆம்பியர் எம்.சி.சி.பி. (மோல்டட் கேஸ் பிரேக்கர்) ஃபீடர். பேனலிலிருந்து 37 கிலோவாட் மோட்டார்கள், இன்வெர்ட்டர் டிரைவ்கள், விளக்கு.

திரும்பும் பாதை சரியா?

எண்ணைத் தேடுவதற்கு முன் பழுதுக் கரண்ட் எந்த வழியாக டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலுக்குத் திரும்புகிறது என்று பாருங்கள். பல ஆலைகளில் பேனலுக்குத் தனி எர்த் பிட், டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலுக்குத் தனி எர்த் பிட், இரண்டுக்கும் நடுவே மண் மட்டும் என்று விட்டிருப்பார்கள். பேனல் பிட் 2 ஓம், நியூட்ரல் பிட் 1 ஓம் என்று வையுங்கள். இரண்டுமே நல்ல அளவுகள்தான். ஆனால் ஃபேஸ் பாடியைத் தொட்டால் ஓடும் கரண்ட் 240-ஐ 3-ஆல் வகுத்து, 80 ஆம்பியர். 100 ஆம்பியர் ஃபியூஸ் இதில் எரியாது. பேனல் பாடி 160 வோல்ட்டில் நின்றுகொண்டிருக்கும். பிட்டில் உப்பும் கரியும் கொட்டி 2 ஓமை 1 ஓம் ஆக்கினாலும் கரண்ட் 120 ஆம்பியர்தான். பாடியில் அப்போதும் 120 வோல்ட் இருக்கும்.

தீர்வு உலோகப் பாதை. ஒவ்வொரு பேனலின் பாடியும் ஜி.ஐ. அல்லது காப்பர் ஸ்ட்ரிப், கேபிள் ஆர்மர் (கேபிளின் உலோகக் கவசம்) வழியாக டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் எர்த்தோடு தொடர்ச்சியாக இணைந்திருக்க வேண்டும். எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 வலியுறுத்துவதும் இதைத்தான். ஸ்ட்ரிப் மூட்டுகளில் ஒற்றை போல்ட், பெயின்ட் மேல் வைத்து முறுக்கியது, துரு ஏறிய கிளாண்ட் (கேபிளைப் பெட்டியில் பிடிக்கும் பொருத்தி) ஆகிய மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள். எந்த செட்டிங்கும் இவற்றை ஈடுகட்டாது.

மேல் எல்லை

பாதை சரியானபின் ஒவ்வொரு ஃபீடரின் கடைசி முனையிலும் லூப் இம்பீடன்ஸ் (பழுதுக் கரண்ட் சுற்றிவரும் முழுப் பாதையின் தடை) மீட்டரால் அளவெடுங்கள். நம் ரிங் ஃபிரேம் பேனலில் 0.12 ஓம் வருகிறது என்று கொண்டால் நேரடிப் பழுதில் கரண்ட் 2000 ஆம்பியர்.

இது பெரிய எண்தானே, எம்.சி.சி.பி. பார்த்துக்கொள்ளாதா என்று தோன்றும். 400 ஆம்பியர் தெர்மல்-மேக்னடிக் எம்.சி.சி.பி.யின் மேக்னடிக் செட்டிங் 10 மடங்கில் இருந்தால் அது விழ 4000 ஆம்பியர் வேண்டும். 5 மடங்குக்கு இறக்கினாலும் 2000, அதிலும் கூடக்குறைய 20 சதவீதம் பிழை. சூட்டால் மெதுவாக விழும் தெர்மல் பகுதி 5 மடங்கு கரண்ட்டில் பத்து நொடிக்கு மேல்கூட இழுக்கும். விநியோக சர்க்யூட்டுக்கு 5 நொடி, 32 ஆம்பியர் வரையிலான கடைசி சர்க்யூட்டுக்கு 0.4 நொடி என்பது தொடுகை ஆபத்துக்கான ஐ.இ.சி. (சர்வதேச மின் தரநிலை) வரம்பு. இந்த எம்.சி.சி.பி. தனியாக 5 நொடிக்குள்கூட விழாது. தனி எர்த் ஃபால்ட் பாதுகாப்பு தேவைப்படுவது இதனால்தான்.

உண்மையான பழுது நேரடித் தொடுகையாக இருப்பதும் அரிது. கார்பன் படிந்த இன்சுலேஷன் வழியே ஆர்க் அடிக்கும்போது கரண்ட் பாதிக்கும் கீழே இறங்கலாம். அதனால் 2000-ஐப் பாதியாக்கி 1000 என்று எடுங்கள். பிக்-அப் (ரிலே நேரத்தை எண்ணத் தொடங்கும் கரண்ட்) அதிலும் பாதியைத் தாண்டக்கூடாது. ஆக இந்த ஃபீடருக்கு மேல் எல்லை 500 ஆம்பியர். மெயினுக்கும் இதே எண் பொருந்தும். மிக மோசமான ஃபீடரின் கடைசி முனையையும் அது பின்காப்பாகப் பார்த்தாக வேண்டும்.

கீழ் எல்லை: எதை வைத்து அளக்கிறோம்

மூன்று ஃபேஸ் சி.டி.யின் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) கூட்டுத்தொகையை வைத்துப் பார்க்கும் முறையில் சி.டி.களின் பிழை வித்தியாசமும் எர்த் கரண்ட்டாகவே தெரியும். சாதாரண ஓட்டத்தில் அது சிறிது. மோட்டார் ஸ்டார்ட்டிங்கில் டி.சி. கலந்த கரண்ட் வரும்போது சி.டி.களின் கோர் வெவ்வேறு அளவில் காந்தம் நிறைந்து பொய்க் கரண்ட் கூடும். எனவே இந்த முறையில் சி.டி. ரேட்டிங்கின் 20 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள், கொஞ்சம் காலதாமதமும் வையுங்கள். 400 ஆம்பியர் ஃபீடருக்கு 80 என்பது அடிமட்டம். 120 ஆம்பியர், அதாவது 0.3 மடங்கு, நிம்மதியான இடம்.

ஃபீடர் நான்கு வயர் என்றால் நியூட்ரலிலும் சி.டி. வேண்டும். அது இல்லாவிட்டால் விளக்கு, கம்ப்யூட்டர் போன்ற சிங்கிள் ஃபேஸ் சுமையின் நியூட்ரல் கரண்ட் முழுவதும் எர்த் ஃபால்ட்டாகத் தெரியும். எல்.இ.டி., எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டர் பவர் சப்ளை) சுமைகளின் மூன்றாம் ஹார்மோனிக் நியூட்ரலில் ஒன்றோடொன்று கழியாது, கூடும். ஃபேஸ்களில் சுமையைச் சமன் செய்தாலும் இது போகாது. நியூட்ரல் சி.டி.யைத் திருப்பி மாட்டியிருந்தால் இன்னும் மோசம்: நியூட்ரல் கரண்ட்டின் இரண்டு மடங்கு பிழையாக வரும். கண்டுபிடிக்க எளிய வழி, ஒரே ஃபேஸில் தெரிந்த சுமையைப் போட்டு டிரிப் யூனிட் திரையில் எர்த் கரண்ட் அளவைப் பார்ப்பது. ஏறத்தாழ பூஜ்யம் என்றால் சரி. சுமைக்குச் சமம் என்றால் சி.டி. சிக்னல் வரவில்லை. இரு மடங்கு என்றால் துருவம் தலைகீழ்.

ஆம்பியர் கணக்கில் இல்லாமல் மில்லி ஆம்பியர் கணக்கில் பார்க்கவேண்டிய இடங்களில் எல்லா வயர்களையும் ஒரே வளையத்துக்குள் விட்டு அளக்கும் கோர் பேலன்ஸ் சி.டி. ஒன்றுதான் வழி. ஃபேஸ்களும் நியூட்ரலும் வளையத்துக்குள் போகவேண்டும், எர்த் வயர் போகக்கூடாது. இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஆர்மர் கேபிளில். ஆர்மரோடு சேர்த்துக் கேபிள் முழுவதையும் வளையத்துக்குள் விட்டு, கிளாண்ட்டை வளையத்தைத் தாண்டிய பக்கத்தில் எர்த் செய்துவிட்டால், ஆர்மர் வழியே திரும்பும் பழுதுக் கரண்ட் உள்ளே போகும் கரண்ட்டைக் கழித்துவிடும். ரிலே ஒன்றும் பார்க்காது. ஆர்மரை வளையத்துக்கு முன்பே நிறுத்துங்கள். முடியாவிட்டால் கிளாண்ட்டைப் பெட்டியிலிருந்து இன்சுலேட் செய்து, அதன் எர்த் வயரை வளையத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து பிறகு எர்த் பாரில் கட்டுங்கள்.

வளையத்துக்கான கீழ் எல்லையை லீக்கேஜ் கிளாம்ப் மீட்டர் சொல்லும். எல்லா ஃபேஸ்களையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வி, இயந்திரங்கள் முழு ஓட்டத்தில் இருக்கும்போது பாருங்கள். ஹ்யூமிடிஃபிகேஷன் பிளாண்ட் மோட்டார்களை மழைக்காலத்தில் இன்னொருமுறை அளப்பது நல்லது. நிரந்தரக் கசிவு செட்டிங்கில் 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஆர்.சி.டி. (எர்த் கசிவைக் கண்டு விழும் கருவி) என்பது தன் ரேட்டிங்கின் பாதியிலேயே விழ அனுமதி பெற்ற கருவி என்பதை மறக்க வேண்டாம்.

இன்வெர்ட்டர் டிரைவ்களில் இ.எம்.சி. (மின்காந்த இரைச்சல் தடுப்பு) ஃபில்டரும் ஷீல்டு கேபிளும் இயல்பாகவே எர்த்துக்குக் கரண்ட் விடுகின்றன. நாலைந்து டிரைவ்களை ஒரு 30 மில்லி ஆம்பியர் கருவிக்குக் கீழே போட்டால் அது நிற்காது. 30 மில்லி ஆம்பியரை சாக்கெட், கைக்கருவி சர்க்யூட்டுகளுக்கு மட்டும் வையுங்கள். பஞ்சுத்தூசி படியும் இடங்களில் தீத்தடுப்புக்கு ஐ.இ.சி. சொல்லும் உச்சவரம்பு 300 மில்லி ஆம்பியர். ப்ளோ ரூம், கார்டிங் சர்க்யூட்டுகளுக்கு இதைத் தாண்ட வேண்டாம். கசிவு அதிகமென்றால் சர்க்யூட்டைப் பிரியுங்கள். டிரைவ் உள்ள சர்க்யூட்டில் ஏ.சி. வகை (சாதாரண ஏ.சி. கசிவை மட்டும் பார்க்கும்) ஆர்.சி.டி. போடக்கூடாது. மூன்று ஃபேஸ் டிரைவில் பழுது வந்தால் வழுவழுப்பான டி.சி.யும் ஓடலாம்; அதைப் பார்க்க பி வகை வேண்டும்.

எந்த இணைப்புக்கு எந்த அளவு எர்த் லீக்கேஜ் கருவி சட்டப்படி கட்டாயம் என்பதை, மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகளையும் மின் ஆய்வுத்துறை ஒப்புதலில் எழுதிய நிபந்தனைகளையும் வைத்து முதலில் முடிவு செய்யுங்கள். இந்தக் கணக்கு அதற்கு மாற்று அல்ல.

படிகளை அடுக்குவது

மோட்டார், டிரைவ் சர்க்யூட்டில் கோர் பேலன்ஸ் ரிலே, 1 ஆம்பியர், 0.1 நொடி. தீ அபாயமுள்ள சர்க்யூட்டில் 300 மில்லி ஆம்பியர். 400 ஆம்பியர் ஃபீடரில் எலெக்ட்ரானிக் டிரிப் யூனிட், 120 ஆம்பியர், 0.2 நொடி. மெயின் ஏ.சி.பி.யில் 0.3 மடங்கு, அதாவது 480 ஆம்பியர், 0.4 நொடி. எலெக்ட்ரானிக் டிரிப் யூனிட்களில் இரண்டு படிகளுக்கு நடுவே அந்தந்தக் கம்பெனியின் காலப்பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருந்தால் போதும், 0.1 நொடியிலும் கிடைத்துவிடும். தனி ரிலேயும் பிரேக்கரும் என்றால் 0.25 முதல் 0.3 நொடி, பழைய டிஸ்க் ரிலே என்றால் 0.4 நொடி இடைவெளி விடுங்கள். பெரிய ஏ.சி.பி. சிலவற்றில் டயல் 500 ஆம்பியருக்குக் கீழே இறங்காது. நம் கணக்கில் அதுதான் மேல் எல்லை, எனவே சரி. உங்கள் லூப் அளவு இதைவிட மோசமென்றால் வெளியே தனி ரிலே போடுவதுதான் வழி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஃபீடருக்குக் கீழே எர்த் ஃபால்ட் ரிலே இல்லாத 100 ஆம்பியர் ஃபியூஸ் சர்க்யூட் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். 100 ஆம்பியர் ஜி.ஜி. (பொதுப் பயன்பாட்டு வகை) ஃபியூஸ் 0.1 நொடிக்குள் நிச்சயமாக எரிய 1450 ஆம்பியர் தேவை. 1000 ஆம்பியர் ஆர்க் பழுது வந்தால் ஃபியூஸ் யோசித்துக்கொண்டிருக்கும்போதே 120 ஆம்பியர், 0.2 நொடி ஃபீடர் விழுந்து பேனல் முழுவதும் இருட்டாகும். ஃபீடர் செட்டிங்கை ஏற்றிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். ஏற்றினால் மேல் எல்லை உடையும். அந்த சர்க்யூட்டுக்கு கோர் பேலன்ஸ் ரிலேயும் ஷன்ட் டிரிப் (வெளியிலிருந்து வோல்டேஜ் கொடுத்து விழவைக்கும் காயில்) உள்ள பிரேக்கரும் போடுங்கள். அல்லது ஃபீடரில் ஐ-ஸ்கொயர்-டி சாய்வை (கரண்ட் குறைந்தால் நேரம் கூடும் அமைப்பு) இயக்குங்கள்: சிறிய பழுதுகளில் அது கொஞ்சம் பொறுக்கும், ஃபியூஸுக்கு ஓரளவு நேரம் கிடைக்கும். முழு ஒத்திசைவு கிடைக்காது. எவ்வளவு கிடைக்கிறது என்பதை இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

காண்டாக்டர் வழியே டிரிப் செய்வதிலும் கவனம் வேண்டும். 37 கிலோவாட் மோட்டாருக்கான 80 ஆம்பியர் ஏ.சி.-3 (மோட்டார் சுமை வகை) காண்டாக்டர் உடைக்கக்கூடியது 8 மடங்கு, 640 ஆம்பியர். எர்த் ஃபால்ட் ரிலே 1000 ஆம்பியர் ஓடும்போது காண்டாக்டர் காயிலை வெட்டினால் முனைகள் ஒட்டிக்கொள்ளும், சிலசமயம் காண்டாக்டரே சிதறும். ரிலேயின் காண்டாக்ட்டை எம்.சி.சி.பி. ஷன்ட் டிரிப்புக்குக் கொண்டுபோங்கள்.

ஏ.சி.பி.க்கு முன்னால் பழுது வந்தால்

டிரான்ஸ்ஃபார்மர் எல்.டி. புஷிங்கிலிருந்து ஏ.சி.பி. வரை உள்ள பஸ் டக்ட் அல்லது கேபிள் யாருடைய பொறுப்பு? ஏ.சி.பி. விழுந்தாலும் அந்தப் பழுது நிற்காது. எச்.டி. எர்த் ஃபால்ட் ரிலே டெல்டா சுற்றைத் தாண்டி எல்.டி. எர்த் பழுதைப் பார்க்கவே முடியாது. மிச்சம் எச்.டி. ஓவர்கரண்ட்.

எல்.டி.யில் 5000 ஆம்பியர் ஆர்க் ஓடுகிறது என்று கொள்வோம். எச்.டி.யில் அது 197 ஆம்பியர் ஆகவேண்டும். டெல்டா-ஸ்டார் காரணமாக இரண்டு ஃபேஸ்களில் அதன் 58 சதவீதம், சுமார் 114 ஆம்பியராகத்தான் தெரியும். ரிலே 75 ஆம்பியர் பிக்-அப், டி.எம்.எஸ். (நேரப் பெருக்கி) 0.2, சாதாரண ஐ.டி.எம்.டி. வளைவு (கரண்ட் கூடினால் நேரம் குறையும் வளைவு) என்றால் 1.52 மடங்கில் அது விழ 3.3 நொடி. அவ்வளவு நேரம் 5000 ஆம்பியர் ஆர்க் எரிந்தால் பஸ் டக்ட்டில் மிச்சம் இருக்காது.

இதற்குத்தான் ஸ்டாண்ட்பை எர்த் ஃபால்ட்: டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும் ஸ்ட்ரிப்பில் ஒரு சி.டி., டிரிப் எச்.டி. பிரேக்கருக்கு. 1000/1 சி.டி., 60 சதவீதம், அதாவது 600 ஆம்பியர், 0.7 நொடி என்று வைத்தால் மெயினுக்கு மேலே உட்காரும். நியூட்ரலுக்கு இரண்டு தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்பது விதி. சி.டி.யை அந்த இரண்டில் ஒன்றில் மாட்டிவிட்டால் பாதிக் கரண்ட்டைத்தான் பார்க்கும். பிரிவதற்கு முன்பு, ஒற்றையாக வரும் இடத்தில் மாட்டுங்கள். பேனலுக்குப் போகும் நியூட்ரல் பாரும் அந்தச் சி.டி.க்குள் வரக்கூடாது, வந்தால் நியூட்ரல் சுமைக்கே எச்.டி. விழும்.

எச்.டி. எர்த் ஃபால்ட் ரிலேக்கு எல்.டி.யோடு ஒத்திசைவு தேவையில்லை என்பதால் அதைத் தாராளமாகக் கீழிறக்கலாம். 75/1 சி.டி.யில் 20 சதவீதம், 15 ஆம்பியர், 0.1 நொடி. சுத்தமாக உடனடி என்று வைத்தால் டிரான்ஸ்ஃபார்மரைச் சார்ஜ் செய்யும்போது வரும் இன்ரஷ்ஷில் (தொடக்கக் கரண்ட் பாய்ச்சல்) சி.டி.கள் நிறைந்து விழும். ரிலேயில் இரண்டாம் ஹார்மோனிக் தடை இருந்தால் இயக்குங்கள். சப்-ஸ்டேஷன் ஃபீடர் ரிலேயின் செட்டிங்கை மின்வாரியத்திடம் கேட்டு, உங்களுடையது அதற்குக் கீழேயும் முன்னாலும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஆலைப் பழுதுக்கு ஊர் ஃபீடர் விழுந்தால் அடுத்த நாள் கடிதம் வரும். ஆர்.எம்.யூ.வில் (எச்.டி. ஸ்விட்ச் பெட்டி) செல்ஃப்-பவர்டு ரிலே (சி.டி. கரண்ட்டிலேயே இயங்குவது) இருந்தால், அது விழித்தெழவே ஒரு குறைந்தபட்ச கரண்ட் தேவை. ஞாயிற்றுக்கிழமை சுமையில்லாத நேரத்தில் அந்த 15 ஆம்பியர் செட்டிங் வேலை செய்யுமா என்று கையேட்டில் பாருங்கள்.

டி.ஜி. ஓடும்போது

500 கே.வி.ஏ. டி.ஜி.யின் (டீசல் ஜெனரேட்டர்) முழுச்சுமை 415 வோல்ட்டில் சுமார் 696 ஆம்பியர். தனி எக்சைட்டேஷன் இல்லாத ஆல்டர்னேட்டரில் பக்கத்துப் பழுதால் வோல்டேஜ் சரிந்து, பழுதுக் கரண்ட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். மெயினில் வைத்த 480 ஆம்பியர், 0.4 நொடியை இங்கே அப்படியே நகலெடுத்தால் ரிலே எண்ணி முடிப்பதற்குள் கரண்ட் பிக்-அப்புக்குக் கீழே போகலாம். டி.ஜி. ஏ.சி.பி. 800 ஆம்பியர் என்றால் 0.3 மடங்கு, 240 ஆம்பியர், 0.3 நொடி வையுங்கள்.

சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் நான்கு போல் (முனை) ஆக இருக்கவேண்டும். மூன்று போல் போட்டு நியூட்ரல்களை ஒன்றாக விட்டு, டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலையும் டி.ஜி. நியூட்ரலையும் எர்த் செய்திருந்தால், சுமையின் நியூட்ரல் கரண்ட்டில் ஒரு பங்கு டி.ஜி. எர்த் வழியாகச் சுற்றித் திரும்பும். மெயின் ஏ.சி.பி. அதை எர்த் ஃபால்ட் என்று நினைக்கும். விளக்குச் சுமை ஏறும் மாலை நேரத்தில் மட்டும் மெயின் விழுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதையும், ஏதாவது பேனலில் நியூட்ரலை எர்த் பாரோடு இணைத்திருக்கிறார்களா என்பதையும் தேடுங்கள். இணைப்பை அவிழ்த்தால் செட்டிங்கைத் தொடாமலே தீரும். ஸ்டார்ட்டிங்கில் மட்டும் விழுந்தால் சி.டி. நிறைவு, 0.1 நொடி கூட்டிப் பாருங்கள். மழை பெய்ததும் விழுந்தால் அது பொய் டிரிப் அல்ல, மெக்கர் (இன்சுலேஷன் சோதனை) எடுங்கள்.

சோதனை

ரிலே முகப்பில் உள்ள டெஸ்ட் பட்டன் பெரும்பாலும் எலெக்ட்ரானிக்ஸையும் டிரிப் காயிலையும் மட்டுமே சோதிக்கும். சி.டி. தலைகீழாக இருந்தாலும் பட்டன் வேலை செய்யும். சப்ளையைத் துண்டித்து, மெயின் பார் வழியே உண்மையான கரண்ட் விட்டுச் சோதிக்கும் பிரைமரி இன்ஜெக்‌ஷன் செய்யுங்கள். ஒரு ஃபேஸில் மட்டும் கரண்ட் விட்டால் செட்டிங் அளவில், செட்டிங் நேரத்தில் விழவேண்டும். ஒரு ஃபேஸில் விட்டு இன்னொரு ஃபேஸில் திருப்பினால் விழக்கூடாது. ஃபேஸில் விட்டு நியூட்ரலில் திருப்பினாலும் விழக்கூடாது, நியூட்ரல் சி.டி.யின் துருவம் இந்த மூன்றாவது சோதனையில்தான் பிடிபடும். ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனித்தனியே செய்யுங்கள்.

ஷன்ட் டிரிப்புக்கு எங்கிருந்து சப்ளை வருகிறது என்றும் பாருங்கள். அதே பஸ்ஸின் 240 வோல்ட் என்றால், பழுது வந்த ஃபேஸில் வோல்டேஜ் சரியும்போது காயில் இழுக்காது. பேட்டரியுடன் கூடிய டி.சி. சப்ளை அல்லது கெபாசிட்டர் டிரிப் யூனிட் வேண்டும், ஏ.சி. சப்ளையை நிறுத்திவிட்டு ஒருமுறை டிரிப் கொடுத்துப் பார்த்தால் அது உயிரோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். லூப் இம்பீடன்ஸ், நிரந்தரக் கசிவு, செட்டிங், விழுந்த கரண்ட், விழுந்த நேரம் ஐந்தையும் ஃபீடர்வாரியாக எழுதிப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். புதிதாக டிரைவ் சேர்த்தாலோ கேபிளை நீட்டினாலோ முதல் இரண்டு அளவுகளை மறுபடியும் எடுக்கவேண்டும்.